இடிபாட்டில் போகும் பூவேலைத் தரை ஓடுகள்: மீட்பும் செப்பனிடலும்

பழைய கட்டடம் ஒன்று இடிக்கப்படும்போது அதன் தேக்குக் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் இரும்பு உத்தரங்களுக்கும் சந்தையில் விலை உண்டு. இப்பொருள்களைக் கருதியே இடிப்பு ஒப்பந்தக்காரர் பல நகரங்களில் உரிமையாளரிடம் கூலி கேளாமல், தாமே ஒரு தொகை செலுத்திக் கட்டடத்தை எடுத்துக்கொள்கிறார். இவ்வாறு விலை பேசப்படும் பொருள்களின் பட்டியலில் தரை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அறுபது, எழுபது ஆண்டுகள் காலடி பட்டும் வண்ணம் குன்றாத பூவேலை ஓடுகள் சம்மட்டியால் உடைக்கப்பட்டு, செங்கற் பொடியுடனும் மண்ணுடனும் கலந்து லாரியில் ஏறுகின்றன. அவற்றை விலையற்றவையாக ஆக்குவது ஓட்டின் தன்மையா, அல்லது நாம் கணக்கிடும் முறையா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் கேள்வி.

இக்கேள்வி எனக்கு எழுந்த சூழ்நிலையைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஓர் அரசு அலுவலகத்தின் தரையை மாற்றும் பணிக்கான மதிப்பீட்டைப் பரிசீலித்த குழுவில் நானும் ஓர் உறுப்பினன். சிவப்பும் கறுப்பும் வெண்மையும் கலந்த அந்தத் தரை 1930-களில் பதிக்கப்பட்டது. ஆங்காங்கே சில ஓடுகள் ஆடின. ஓர் ஓரம் அமிழ்ந்திருந்தது. மதிப்பீட்டின் கடைசிப் பக்கத்தில், "பிரித்தெடுக்கும் பொருளின் மதிப்பு" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. விலைவிகிதங்களைச் சரிபார்த்தோம், கூட்டல் கழித்தலைச் சரிபார்த்தோம், அந்த ஒரு சொல்லை ஒருவரும் வினவவில்லை. கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

இருவகை ஓடுகள்

பழைய கட்டடங்களில் காணப்படும் பூவேலைத் தரை ஓடுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். இவ்வேறுபாடு தெரியாமல் செப்பனிடத் தொடங்குவது ஆபத்து.

முதல் வகை சுட்ட களிமண் ஓடு. ஒரு நிறக் களிமண்ணில் பள்ளமாக அச்சிட்டு, அப்பள்ளத்தில் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சூளையில் சுடுவது இதன் முறை. இதற்கான காப்புரிமையை இங்கிலாந்தில் சாமுவேல் ரைட் என்பவர் 1830-ல் பெற்றார்; ஹெர்பர்ட் மிண்டன் அதனை வளர்த்துப் பெருந்தொழிலாக்கினார். மிண்டன் ஓடுகள் கப்பலேறி மும்பைக்கு வந்தன. 1872-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, இன்று டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் என வழங்கும் கட்டடத்தின் தரை அவற்றால் ஆனது. மும்பை மாநகராட்சி, ஜம்னாலால் பஜாஜ் அறநிறுவனம், 'இன்டாக்' எனப்படும் கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளை ஆகிய மூன்றும் 2003-ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அக்கட்டடம் செப்பனிடப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் அப்பணி பெற்றது. 2008-ல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது.

இரண்டாம் வகை சிமெண்ட் ஓடு. நம் நாட்டு வீடுகளிலும் அலுவலகங்களிலும் மிகுதியாக இருப்பது இதுவே. 1914-ல் போர்பந்தரில் சிமெண்ட் உற்பத்தி தொடங்கிற்று. சுதேசி உணர்வு ஓங்கியிருந்த 1922-ல் மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள உரானில் பிரோஜ்ஷா சித்வா என்பவர் தொடங்கிய பாரத் ஓட்டுத் தொழிற்சாலை, இறக்குமதி ஓடுகளுக்கு ஈடான ஓடுகளை இங்கேயே செய்ய முற்பட்டது. இறக்குமதிக்கு மாற்று என்று பின்னாளில் ஐந்தாண்டுத் திட்டங்களில் நாம் படித்த கருத்து, தரை ஓட்டில் அப்போதே செயலுக்கு வந்துவிட்டது எனலாம்.

சிமெண்ட் ஓடு சூளையைக் காண்பதில்லை. எஃகுச் சட்டத்திற்குள் பித்தளைத் தகடுகளால் பூவின் வடிவில் சிறு அறைகள் வகுத்து, ஒவ்வோர் அறையிலும் வெள்ளைச் சிமெண்ட், சலவைக்கல் பொடி, உலோக ஆக்சைடு நிறமி ஆகியவை கலந்த குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். பிறகு தகட்டை எடுத்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள உலர்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவி, அதன்மேல் சாதாரணச் சிமெண்ட் கலவையை இட்டு, நீரழுத்தப் பொறியில் அழுத்துகிறார்கள். பின்னர் நீரில் ஊறவைத்து, நாள் கணக்கில் நிழலில் வைத்து இறுகச் செய்கிறார்கள். செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே அழுத்தப் பொறிக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி வழவழப்பைப் பெறுகிறார்கள். வண்ண அடுக்கு எம்முறையிலும் சில மில்லிமீட்டரே. மொசைக் தரையைத் தேய்க்கும் பொறியை இதன்மேல் ஓட்டினால், அழுக்கோடு பூவும் போய்விடும்.

காரையே முடிவு செய்கிறது

ஒரு தரையை மீட்க முடியுமா என்பதை ஓட்டின் உறுதியைவிட, அதன் அடியிலுள்ள காரையே தீர்மானிக்கிறது. மீட்புப் பணியின் செலவும் பயனும் இதிலேயே அடங்கியிருப்பதால் சற்று விரிவாகக் காண்போம்.

பழைய கொத்தனார்கள் ஓடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதித்தார்கள். சுண்ணாம்புடன் மணலும் செங்கற்பொடியான சுர்க்கியும் கலந்த அக்காரை ஓட்டைவிட வலிமை குறைந்தது. உளியைத் தரைக்கு இணையாகச் செலுத்தினால் காரை விட்டுக்கொடுக்கும். ஓடு முழுதாக எழும்பும். பிற்காலத்தில் வலுவான சிமெண்ட் காரையில் பதித்த ஓடு அவ்வாறன்று. அங்கே அடித்தளம் ஓட்டைவிட வலிமையானது. உளி செலுத்தினால் உடைவது ஓடுதான். வலுவான காரையே நல்ல வேலையின் அடையாளம் என்று நம்மிற் பலர் கருதுகிறோம். ஒரு பொருளை என்றாவது கழற்றவேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், விட்டுக்கொடுக்கும் காரையே சிக்கனமானது என்பது விளங்கும்.

ஆகவே எந்தத் தரையைப் பற்றியும் முடிவெடுக்குமுன் ஒரு சோதனைப் பரப்பைப் பெயர்த்துப் பார்க்கவேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டர் போதும். எட்டு அங்குல ஓடானால் அதில் ஏறத்தாழ 24 ஓடுகள் இருக்கும். அவற்றில் எத்தனை முழுதாக வருகின்றன, ஒரு கொத்தனாரும் ஒரு சிற்றாளும் அதற்கு எத்தனை மணி நேரம் எடுத்துக்கொள்கின்றனர் என்ற இரு எண்களைக் குறித்துக்கொண்டால், மதிப்பீட்டுக்கு வேண்டிய அடிப்படை கிடைத்துவிடும். இந்த அரைநாள் வேலையைச் செய்யாமல் "மதிப்பு இல்லை" என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது.

பெயர்த்தெடுக்கும் முறை

முதலில் தரையின் வரைபடம் வேண்டும். அறையின் நான்கு ஓரங்களிலும் வரும் கரைக்கட்டு ஓடு, மூலை ஓடு, நடுப்பரப்பு ஓடு ஆகியவை வெவ்வேறானவை. நடு ஓடு நூறு கிடைத்தாலும், மூலை ஓடு நான்கும் போய்விட்டால் கோலம் முற்றுப்பெறாது. வரிசைக்கு ஓர் எழுத்தும், வரிசைக்குள் ஓர் எண்ணும் தந்து, முகப்பில் காகித நாடா ஒட்டிக் குறிக்கவேண்டும். நேர்மேலிருந்து எடுத்த நிழற்படங்களும் தேவை.

ஏற்கெனவே உடைந்த ஓடு ஒன்றிலிருந்து வேலையைத் தொடங்குவது நல்லது. அத்தகையது இல்லையெனில், நடுப்பரப்பில் ஒன்றைத் தியாகம் செய்யத்தான் வேண்டும், கரைக்கட்டில் தொடங்கலாகாது. உடைந்த ஓட்டை அகற்றியபின் கிடைக்கும் பள்ளத்திலிருந்து, அகன்ற தட்டை உளியை அடுத்த ஓட்டின் அடியில், காரைக்குள் செலுத்தி, மெதுவாகத் தட்டி, மரச் சீப்புகளால் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். மேலிருந்து நெம்பினால் விளிம்பு சிதறும். கூலியை நாளுக்கு என்று பேசுவதா, சதுர மீட்டருக்கு என்று பேசுவதா என்பது இந்த இடத்தில் ஓட்டின் உயிரையே நிர்ணயிக்கிறது. இதற்குப் பின்னர் வருவோம்.

எடுத்த ஓடுகளைப் படுக்கைவசமாக அடுக்கக்கூடாது. புத்தகங்களைப் போல விளிம்பில் நிறுத்தி, முகத்தோடு முகம் பார்க்க, இடையே காகிதம் அல்லது வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்கவேண்டும். ஓர் ஓடு ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ளது. ஒரு பெட்டியில் பத்துக்கு மேல் வைத்தால் தூக்குபவர் போட்டுவிடுவார்.

துப்புரவும் செப்பனிடலும்

ஓட்டின் பின்புறம் ஒட்டியுள்ள சுண்ணாம்புக் காரை, நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் போய்விடும். சிமெண்ட் காரையைச் சிற்றுளியால் சிறிது சிறிதாகக் கொத்தியோ, தேய்ப்புப் பொறியாலோ அகற்றலாம். பொறி பயன்படுத்துவோர் நீர் தெளித்தே செய்யவேண்டும். முகமூடியும் கட்டாயம் வேண்டும். இத்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பது. ஓட்டைக் காக்க ஓர் ஆளின் மூச்சைக் கொடுப்பது எவ்விதச் சிக்கனமும் அன்று.

முகப்பைத் துப்புரவு செய்வதில் நம் நாட்டில் நிகழும் பெருந்தவறு ஆசிட் ஊற்றுவது. சிமெண்ட் காரத்தன்மை உடையது. சலவைக்கல் பொடி கால்சியம் கார்பனேட். இரண்டையும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைத்துவிடும். ஊற்றிய அன்று தரை பளிச்சென்று தோன்றும். பொடி கரைந்த துளைகளில் அடுத்த மாதமே அழுக்கு ஆழமாக இறங்கும். காரத்தன்மையில்லாத சோப்புக் கரைசல், மென்மையான தூரிகை, நிறைய நல்ல நீர் ஆகிய மூன்றுமே பெரும்பாலான தரைகளுக்குப் போதும். எண்ணெய்க் கறைக்குச் சுண்ணக்கட்டிப் பொடியை உரிய கரைப்பானில் குழைத்துப் பற்றுப்போட்டு, மூடி வைத்து, உலர்ந்தபின் எடுக்கலாம். உப்புப் பூத்திருந்தால், அது ஓட்டின் குற்றமன்று. தரைக்கடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்பதன் அறிகுறி. ஈரத்தின் வழியை அடைக்காமல் உப்பைத் துடைத்துக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை.

இரண்டாக உடைந்த ஓட்டை எபாக்சிப் பசையால் இணைக்கலாம். விளிம்பு சிதைந்த இடத்தில் வெள்ளைச் சிமெண்ட், சலவைக்கல் பொடி, நிறமி ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றுக்கு இரும்பு ஆக்சைடுகளும், பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடும் வெயிலிலும் காரத்திலும் நிறம் மாறாதவை. காய்ந்தபின் நிறம் வெளுக்கும் என்பதால், முன்கூட்டியே சிறு துண்டுகளில் கலந்து, உலரவைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சுட்ட களிமண் ஓட்டை இவ்வாறு சிமெண்டால் நிரப்புவது ஒட்டாது. அதற்கு நிறமி கலந்த பிசினே ஏற்றது.

முற்றிலும் போய்விட்ட ஓட்டுக்கு மாற்றாகப் புதியது செய்யும்போது, பின்புறத்தில் செய்த ஆண்டைப் பொறித்துவிடவேண்டும். 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், மாற்றுப் பகுதி முழுமையோடு இசையவேண்டும், ஆயினும் மூலத்தினின்று பிரித்தறியத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்று கூறுகிறது. தரையைப் பொறுத்தவரை ஆண்டு முத்திரை இரண்டையும் நிறைவேற்றிவிடும்.

புதிய ஓடு வாங்குவதில் ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. பழைய ஓடு எட்டு அங்குலம், அதாவது 203.2 மில்லிமீட்டர். சிமெண்ட் தரை ஓடுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் 1237 கூறும் அளவுகளில் இதற்கு நெருங்கியது 200 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று பதிக்கத் தொடங்கினால், பத்தாவது ஓட்டில் 32 மில்லிமீட்டர் குறையும். கோலத்தின் கோடுகள் ஒன்றோடொன்று சேரா. ஆகவே மாற்று ஓட்டை அங்குல அளவுச் சட்டத்திலேயே செய்யச் சொல்லவேண்டும். கொள்முதல் ஆணையில் அளவைத் தசம புள்ளியோடு எழுதாமல் விட்டதால் முழுச் சரக்கும் பயனற்றுப்போன நிகழ்ச்சியை நானே கண்டிருக்கிறேன்.

கணக்கு

15 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 180 சதுர அடி. எட்டு அங்குல ஓடுகள் 405. பெயர்க்கும்போது ஐந்தில் ஒரு பங்கு உடைவதாகக் கொண்டால் எஞ்சுபவை 324. இவை 144 சதுர அடிக்கு, அதாவது 12 அடிக்கு 12 அடி அறைக்குச் சரியாகப் போதும். பெரிய அறையின் தரை சிறிய அறைக்குச் செல்கிறது. அல்லது, இரு அறைகளின் ஓடுகளைச் சேர்த்து ஓர் அறையை நிறைவாகச் செய்து, மீதத்தைக் கையிருப்பாக வைக்கலாம்.

தப்பும் ஓடுகளின் விகிதமே இங்கு முதன்மையான எண். நூறு ஓடுகளைப் பெயர்க்க ஆகும் கூலி நிலையானது எனக் கொள்க. அவற்றில் 80 தப்பினால் ஓர் ஓட்டுக்கு விழும் கூலியைப் போல், 40 மட்டுமே தப்பினால் இருமடங்கு விழும். கவனமாகச் செய்வதற்குக் கூடுதல் கூலி கொடுப்பது வீண்செலவு என்ற எண்ணம் இதனால் அடிபடுகிறது. இருநாள் வேலையை மூன்று நாளாக்கினால் கூலி ஒன்றரை மடங்காகும். தப்பும் ஓடுகள் இருமடங்கானால், ஓட்டின் அடக்கவிலை குறையவே செய்யும்.

ஆயினும் நம் ஒப்பந்த முறை இதற்கு நேர்மாறான ஊக்கத்தை அளிக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைவிகித அட்டவணையில் ஓட்டுத் தரையைப் பிரிப்பதற்கான கூலி பரப்பளவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பிரித்த பொருளை 50 மீட்டர் தொலைவுக்குள் அடுக்குவதும் அக்கூலியில் அடங்கும். முழு ஓடாக அடுக்கினாலும் சில்லாக அடுக்கினாலும் சதுர மீட்டர் ஒன்றே. ஒப்பந்தக்காரர் விரைவான வழியைத் தேர்ந்தால் அவரைக் குறைகூற இயலாது. கூலியை அப்படி வகுத்தவர்கள் நாம். மீட்கத்தக்க தரைகளுக்கு, பரப்பளவுக் கூலியைக் குறைத்து, முழுதாக ஒப்படைக்கும் ஒவ்வோர் ஓட்டுக்கும் தனி விலை என்று ஒப்பந்தப்புள்ளியில் ஓர் இனத்தைச் சேர்த்தாலே போதும். மூலை ஓட்டுக்கும் கரை ஓட்டுக்கும் சற்றுக் கூடுதல் விலை வைக்கலாம்.

பிரித்த பொருளின் மதிப்பீட்டிலும் இதே குறைபாடு உண்டு. உபரிப் பொருள்களை அகற்றும்போது அவற்றின் புத்தக மதிப்பைக் கணக்கிடவேண்டும், இயலாதபோது வாங்கிய விலையைக் கொள்ளலாம் என்று பொது நிதி விதிகள், 2017 வழிகாட்டுகின்றன. நாற்காலிக்கும் மேசைக்கும் இது பொருந்தும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அணாக் கணக்கில் வாங்கிய ஓட்டுக்கு இவ்விரண்டு வழிகளிலும் பூச்சியத்தை ஒட்டிய எண்ணே கிடைக்கும். அதே கோலத்தில் இன்று கையால் செய்யும் ஓட்டின் விலையிலிருந்து துப்புரவுச் செலவைக் கழித்துப் பார்ப்பதே பொருளாதார நோக்கில் சரியான மதிப்பு.

செலவின் தன்மையையும் நோக்கவேண்டும். மோர்பியிலிருந்து வரும் புதிய ஓட்டின் விலையில் சூளை எரிவாயுவும் சரக்குக் கட்டணமும் அடங்கியுள்ளன. மீட்பில் செலவிடும் ரூபாயின் பெரும்பகுதி உள்ளூர்க் கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் கூலியாகச் செல்கிறது. எல்லாத் தரைகளையும் மீட்கவேண்டும் என்பது என் கருத்தன்று. சிமெண்ட் காரையில் இறுகி, வண்ண அடுக்குத் தேய்ந்து போன தரையை விட்டுவிடுவதே அறிவுடைமை. சோதனைப் பரப்பில் பாதிக்கும் குறைவாகவே தப்பினால் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

விதிகள் எட்டாத இடம்

கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 பெரும் பணிகளில் கழிவைக் கான்கிரீட், மண், எஃகு, மரம், பிளாஸ்டிக், செங்கல், காரை என இனம் பிரிக்கச் சொல்லின. மீண்டும் பயன்படுத்தத்தக்க ஓடு என்ற தனி இனம் அவற்றில் பெயர்சொல்லிக் குறிக்கப்படவில்லை. அவ்விதிகளுக்கு மாற்றாக 2025-ல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. கழிவை அரைத்து மறுசுழற்சி செய்வது நன்றே. ஆனால் முழு ஓட்டை அரைப்பது, வேட்டியைக் கிழித்துத் திரி திரிப்பது போன்றது.

மரபுக் கட்டட விதிகளும் தரையைப் பெரிதும் காப்பதில்லை. நாட்டில் முன்னோடியாக 1995-ல் மும்பையில் வந்த மரபு விதிகள், முதல் தரக் கட்டடங்களின் உட்புறத்தைக் காத்தன. அடுத்த தரங்களில் உள் மாற்றங்களுக்கு இடமளித்தன. பட்டியலில் இல்லாத குடியிருப்புகளுக்கு அந்தக் காப்பும் இல்லை. 1940 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்டு, பழுதுபார்ப்பு வரி செலுத்தும் 'அ' பிரிவுக் கட்டடங்கள் மும்பைத் தீவு நகரில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாக மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. பழுதடைந்த வீட்டில் அஞ்சி வாழும் குடித்தனக்காரரிடம் கட்டடத்தை இடிக்காதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இடிக்குமுன் தரையைப் பெயர்க்க ஒரு வார அவகாசம் என்பதை அனுமதி நிபந்தனைகளில் சேர்ப்பது எவரையும் பாதிக்காது. குடித்தனக்காரர் விரும்பினால் தம் பழைய அறையின் ஓடுகளில் ஒரு பங்கைப் புதிய வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழிசெய்யலாம்.

மீண்டும் பதித்தல்

பதிப்பதற்குமுன் ஓடுகளைக் கனத்தால் தரம் பிரிக்கவேண்டும். கையால் செய்தவை ஒன்றுபோல் இரா. காரையின்றி முழுக் கோலத்தையும் ஒருமுறை பரப்பிப் பார்த்து, வாயிற்படி அருகில் தேய்ந்தவற்றை அலமாரிக்கு அடியிலும், ஒட்டுப்போட்டவற்றைச் சுவரோரத்திலும் மாற்றி அமைக்கலாம். பதிக்கும் காரை சுண்ணாம்பாகவோ, சிமெண்ட் மிகக் குறைந்த கலவையாகவோ இருக்கட்டும். ஓட்டை நன்கு ஊறவைத்து, ரசமட்டம் பார்த்து, இணைப்பை மெல்லியதாக விட்டு, நிறமொத்த குழம்பால் நிரப்பி, உடனே துடைத்துவிடவேண்டும். உலர்ந்தபின் துடைக்க ஆசிட் தேடுவார்கள். ஈரம் முற்றும் வெளியேறிய பின்னரே மெழுகு பூசலாம். எஞ்சிய ஓடுகளை அறையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றுடன் பதிவேட்டில் ஏற்றி வைக்கவேண்டும்.

நான் கையெழுத்திட்ட அந்த அலுவலகத்தின் தரை இப்போது வெளிறிய, பளபளப்பான சதுரங்கள். சென்ற ஆண்டு வேறொரு பணிக்காக அங்கே சென்றபோது, பதிவறையின் இரும்பு அலமாரிகளை நகர்த்த அஞ்சி அவ்வறையை மட்டும் விட்டுவைத்திருந்தது தெரிந்தது. உதவியாளர் ஒருவரின் துணையுடன் அலமாரி ஒன்றின் அடியில் ஓர் ஓட்டைத் தட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக் காரைதான். எண்ணிப் பார்த்ததில் 212 ஓடுகள், அவற்றில் மூலை ஓடுகள் இரண்டு. குறிப்பெழுதி, சோதனைப் பரப்பு முடிவையும் இணைத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.